நெடுந்தெரு குறைந்த கதை

கொண்டையனூர் நெடுந்தெரு முதன்முதலாக ஒரு சாண் குறைந்தது ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில். அதைக் கண்டுபிடித்தது மனுசர் யாருமில்லை, பாவுதான். பிள்ளையார் கோயிலில் தொடங்கி அடிபம்பில் முடிகிற அந்தத் தெருவில் நாற்பத்தோரு வீடு, வீட்டுக்கு ஒரு கைத்தறி, தறிக்கு ஒரு பாவு, பாவுக்குப் பத்துச் சேலை. பாவு என்கிற இந்தப் பத்துச் சேலைக்கான நெடுக்கு நூலையும் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். அதற்குக் கோயில் முனையிலிருந்து பம்பு முனைவரைக்கும் தெரு முழுசும் தேவை, ஒரு விரல்கடை மிஞ்சவும் மிஞ்சாது, பற்றாமல் போகவும் போகாது. தெருவைப் பார்த்துப் பாவை வைத்தார்களா, பாவைப் பார்த்துத் தெருவை வைத்தார்களா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது, கேட்டவரும் கிடையாது.

அன்றைக்குப் பரங்கிரி வீட்டுப் பாவு. ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கிறது அங்கே வழக்கம், ஏனென்றால் ஒரு குடும்பத்து ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை நூலைத் தரையில் படாமல் பிடிக்கப் பிரம்மதேவனாலும் ஆகாது. பம்பு முனையைப் பிடித்திருந்தவர் சடையாண்டி. பிடித்து இழுத்தால் நூல் விறைக்கவில்லை, தொட்டில் மாதிரி தொங்குகிறது. பின்னால் ஒரு எட்டு வைத்தால் முதுகு பம்பில் இடிக்கிறது.

"யோவ் பரங்கிரி, பாவைக் கூடுதலா ஓட்டிட்டியாய்யா? ஒரு சாண் மிச்சம் நிக்குது!"

"என் பாவு சரியாத்தான் இருக்கு. நீ முன்னால வந்து நின்னுக்கிட்டு என்னையச் சொல்லு."

அளந்து பார்த்தார்கள். பாவு சரியாக இருந்தது. பம்பு பம்பின் இடத்தில் இருந்தது, பிள்ளையார் பிள்ளையார் இடத்தில் இருந்தார். நடுவில் தெருதான் ஒரு சாண் இல்லை. மற்றவர்கள் "அட, இதென்னடா கூத்து" என்று சிரித்துக்கொண்டே கஞ்சிக் குண்டானைத் தூக்கப் போனார்கள், சடையாண்டி மட்டும் பம்பையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான், தெருவே சாப்பிட்டு அசந்திருந்த நேரத்தில், அவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேலையை இழுத்திருந்தார்.

இழுக்கிறது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெசவாளர் சங்கத்தில் நூலை நிறுத்துக் கொடுப்பார்கள், நெய்த சேலையை மேசையில் போட்டு அளந்து வாங்கிக்கொள்வார்கள். சேலையை ஒரு சாண் குறைத்தே அறுத்துவிட்டு, மேலே தண்ணீர் தெளித்து, ஒரு முனையைப் புருசனும் மறுமுனையைப் பெண்டாட்டியுமாகப் பிடித்துக் காலை ஊன்றி இழுத்து, அந்த விறைப்பிலேயே கஞ்சித்தண்ணி தட்டிக் காயவைத்து மடித்தால், மேசையில் அளவு சரியாக நிற்கும். முதல் சலவையிலே சேலை தன் சொந்த நீளத்துக்குத் திரும்பிவிடும். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒரு பெண், கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறைகிறதே, நாமதான் பெருத்துவிட்டோமோ என்று இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அவள் பழியைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொள்வாள், இங்கே ஒரு சாண் நூல் மிஞ்சும். இரண்டரைப் பாவு நெய்து முடித்தால் முழுசாக ஒரு சேலைக்கு நூல் சேர்ந்துவிடும்.

சடையாண்டி திருடப் பிறந்த ஆள் இல்லை. இருபத்தாறு வருசமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டவர், அவர் நெய்த சேலையைக் கட்டாத ஊர் ஜில்லாவில் இல்லை, கட்டாத பொம்பளை ஒருத்திதான், அவர் பெண்டாட்டி மாரிக்கனி. கூலியில் அரிசி வந்தது, மகள் காலேஜ் பீஸ் வந்தது, சேலை வரவில்லை. வைகாசியில் மாரிக்கனியின் அக்கா மகள் வளைகாப்புக்குப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி நாலு பேர் முன்னால், "தறிக்காரர் வீட்டம்மா பாலியஸ்டர் சேலையில வந்திருக்காக, பாருங்கடி" என்று சொல்லிச் சிரித்தாள். மாரிக்கனியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் ஊர் வருகிறவரைக்கும் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வந்ததில்தான் சடையாண்டிக்குப் புத்தி அப்படிப் போயிற்று.

சனிக்கிழமை காலை தெரு இன்னும் ஒரு சாண் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சாண்.

மனுச ஜாதி எதற்கும் பழகிவிடும், நெடுந்தெருக்காரர்கள் பத்து நாளில் பழகிவிட்டார்கள். வீடுகள் ஒன்றையொன்று இடிக்கவில்லை, உள்ளே அடுப்படியும் தறிக்குழியும் இருந்த அளவில் இருந்தன, வாசல்படியும் வாசல்படியும் மட்டும் நெருங்கி நெருங்கி வந்தன. எங்கே குறைகிறது என்று குனிந்து தேடினால் எங்கேயும் குறையவில்லை, முனையிலிருந்து முனைக்கு நடந்தால் குறைந்திருந்தது. தபால்காரர் சந்தோசப்பட்டார். பம்பிலிருந்து தண்ணி தூக்குகிற பெண்கள் இரண்டு குடம் கூடத் தூக்கினார்கள். ஆடியில் கோயில் பொங்கல் சாட்டியதில் சப்பரம் தெருவைச் சுற்றி வரும்போது மேளக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது, அதற்குள் கோயில் வந்துவிட்டது. கூலியில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து, மனுசன் கோயில் வாசலிலேயே நின்று மீதிப் பாட்டையும் வாசித்து முடித்தார். பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் வாசல் நெருங்கிவிட்ட கொடுமையில் பேசவேண்டியதாகிவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து அளக்க வந்தவர் சங்கிலியைப் போட்டு இழுத்துப் பார்த்து, ரிக்கார்டில் உள்ளபடி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார், தெருவுக்குள் வந்ததும் அவர் சங்கிலியும் சேர்ந்து குறைந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பாவு மட்டும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அது இன்னும் ஒரு சாண் கூடத் தொங்கிற்று.

சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "நம்மளாலதான் புள்ளை" என்று மாரிக்கனியிடம் சொன்னார். "நாம இழுத்த மறுநாள்தான் தொடங்குச்சு. சாமி தெருவை இழுத்துக்கிருச்சு."

"அப்ப நிறுத்திப் பாப்போம்" என்றாள் மாரிக்கனி.

ஒரு வாரம் நிறுத்தினார்கள். நெய்த மூன்று சேலையையும் முழு அளவில் அறுத்து, இழுக்காமல், நல்ல பிள்ளையாகச் சங்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார் சடையாண்டி. தெரு குறைந்துகொண்டேதான் இருந்தது, நாளைக்கு ஒரு சாண், தவணை தப்பாமல். எட்டாம் நாள் அவருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் பிற்பாடு அவருக்கே உடம்பு கூசும். யாரோ செய்கிறார்கள், நானில்லை, அப்பாடா என்று கையைக் காலை நீட்டிப் படுத்தார்.

"நாம இல்லையே" என்றாள் மாரிக்கனி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "அப்ப மறுபடி இழுக்கலாமா?"

இழுத்தார்கள். ஆவணி கடைசியில் சேலை முடிந்தது, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை, சங்கத்து நூல், சங்கத்துக் கரை. மாரிக்கனி அதைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை கட்டிப் பார்த்தாள், கொசுவம் நிறைய நிறைய விழுந்தது. அதைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்க முடியாது என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்தக் கரை சங்கத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது, ஒவ்வொரு சேலையும் கணக்கோடு டவுனுக்குப் போகிறது, தெருவில் ஒருத்தி கட்டினால் சின்னப்பிள்ளைகூடக் கேட்கும் ஏது என்று. மாரிக்கனி அவிழ்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தாள். பிறகும் அவர்கள் இழுப்பதை நிறுத்தவில்லை, பழகிவிட்டது.

புரட்டாசியில் விளையாட்டு வினையாகிவிட்டது. தீபாவளிக்கு அவசர ஆர்டர் வந்து கிடக்க, பத்துச் சேலைப் பாவை நீட்டத் தெருவில் இடமில்லை. பாதிப் பாதியாக மடித்துக் கட்டிக் கஞ்சி போட்டார்கள், மடிப்பு விழுந்த இடத்தில் கஞ்சி ஒட்டாமல் தறியில் ஏற்றியதும் இழை இழையாக அறுந்தது. ஒரு சேலைக்கு இரண்டு நாள் என்பது நாலு நாளாயிற்று. வீட்டுக்கு வீடு எரிச்சல். யார் காரணம் என்று முதலில் முனகலாகவும் பிறகு சத்தமாகவும் கேட்க ஆரம்பித்தார்கள், இன்னும் சொல்லப்போனால், அடி மனசில் பயம் உள்ளவன் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது.

பம்பு முனையில் கடைசி வீடு உலகம்மாளுடையது. முப்பத்தெட்டு வயசு, புருசன் மஞ்சள்காமாலையில் போய் ஆறு வருசம், பிள்ளை குட்டி இல்லை, ஒத்தையாக நெய்து ஒத்தையாகச் சாப்பிடுகிறவள். போன சித்திரையில் மழைத்தண்ணி உள்ளே வருகிறது என்று வாசலில் ஒரு கல்லைப் போட்டிருந்தாள். அந்தக் கல் பிடிபட்டுவிட்டது. அவள் தினமும் கல்லைத் தெருவுக்குள் நகர்த்துகிறாள் என்றார்கள். கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள், அடியில் அஞ்சு மாசப் பாசி ஒட்டியிருந்தது. பாசியோடு சேர்த்து நகர்த்துகிறாள் என்றார்கள். புருசனில்லாத வீடு முனையில் இருக்கலாமா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டு, உலகம்மாள் பாவுக்கு இனி யாரும் கை கொடுப்பதில்லை என்று முடிவு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கை கொடுக்கவில்லை என்றால் பாவு இல்லை, பாவு இல்லை என்றால் தறி இல்லை. ஒருத்தியைப் பட்டினி போட நெடுந்தெருவில் வேறெதுவும் செய்யத் தேவையில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் சடையாண்டி வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீகளா? நீங்க சொன்னாக் கேப்பாக."

"கல்லை எடுத்துரு தாயி" என்றார் சடையாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எடுத்துட்டேண்ணே, செவ்வாக்கிழமையே எடுத்துட்டேன். அப்புறமும் குறையுதே. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யாராச்சும் சொன்னாத் திருத்திக்குவேன். எனக்கே புரியமாட்டேங்குது. ஒருவேளை நெசமாவே என்னாலதானோ?"

மாரிக்கனி உள்ளேயிருந்து ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். உலகம்மாள் நின்றபடியே குடித்துவிட்டுச் செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகு புருசனும் பெண்டாட்டியும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. இத்தனை நாளாகச் சடையாண்டிக்கு உறைக்காத ஒன்று அப்போது உறைத்தது: தெருவில் எத்தனை வீடு இழுக்கிறதோ தெரியாது, எந்த வீடு இழுக்கவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். மாரிக்கனியிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். "எனக்குத் தெரியும், சொல்லாதீக" என்றாள் அவள்.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. சங்கத்து அளவு மேசைக்குப் பின்னால் தலைவர் திரவியம் உட்கார்ந்திருந்தார், தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் திருநீறு, சடையாண்டிக்குத் தூரத்து மாமா முறை. நாற்பது வீட்டு ஆம்பளையும் பொம்பளையும் பாயில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்க, உலகம்மாள் கதவோரம் தனியாக நின்றாள். திரவியம் நயமாகத்தான் பேசினார். யார் மேலும் கோபம் இல்லை, ஊர் நன்மைக்குத்தான், அவளுக்கும் கொஞ்ச நாளில் வேறு வழி பிறக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

கைகள் எழுந்தன. முதலில் பரங்கிரி கை, அப்புறம் அவன் பெண்டாட்டி கை, அப்புறம் வரிசையாக, பாவு நீவுகிற கைகள், கஞ்சித் தழும்பு ஏறின கைகள். சடையாண்டி பார்க்கும்போது தன் கையும் மேலே இருந்தது. எப்போது தூக்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மாரிக்கனியின் கை காது உயரத்துக்கு மேல் ஏறமாட்டாமல் நின்றது. உலகம்மாள் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், எண்ணுகிற மாதிரி இல்லை, தெரிந்த முகம் தேடுகிற மாதிரி. சடையாண்டியின் கைக்கு வந்ததும் அவள் கண் அங்கே நின்று, பிறகு தரைக்கு இறங்கிற்று. முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

"சரி, எல்லாக் கையும் ஆச்சு, இறக்குங்க" என்றார் திரவியம். எல்லாக் கையும் இறங்கின. ஒரு கை இறங்கவில்லை.

"சடையாண்டி, ஒன் கையையும் பாத்தாச்சுப்பா."

"இது அதுக்குத் தூக்கின கை இல்லை மாமா." சடையாண்டி எழுந்து நின்றார், கையை இறக்க மறந்துபோய். "ஆடி மாசத்துலயிருந்து நான் சேலையைக் குறைச்சு அறுத்து ஈரத்துல இழுத்துப் போடுறேன். இந்த மேசையிலதான் போட்டேன். அளவு சரியா நின்னுச்சு. நான் மொதச் சேலையை இழுத்த மறுநாத்தான் தெரு குறைய ஆரம்பிச்சது. உலகம்மா மேல ஒரு தப்பும் இல்லை. கை கொடுக்கக் கூடாதுன்னா என் பாவுக்குக் கொடுக்காதீக."

பாயில் இருந்தவர்கள் பாயைப் பார்த்தார்கள். திரவியம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். ஒரு பைத்தியக்காரனிடம் பேசுகிற குரலில், பேச்சை முடித்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில், அவர் சொல்லிவிட்டார்:

"அட போப்பா! ஒத்தை ஆளு இழுத்துச் சேலை நீளுமாக்கும்? ரெண்டு பேர் காலை ஊன்றி இழுத்தாத்தான் ஒரு சாணே வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுமுனையைப் பிடிச்சது நான்" என்று மாரிக்கனி எழுந்து புருசன் பக்கத்தில் நின்றாள்.

வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காவிட்டால் என்ன? ஜோடி ஜோடியாக நாற்பது வீடும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. புருசன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கவில்லை; ஒவ்வொரு வீட்டிலும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வாசலுக்குக் கட்டிவர முடியாத ஒரு சேலை இருந்தது, ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் என்று நினைத்துப் பயந்து, தெரு தன்னால்தான் குறைகிறது என்று தெரிந்தே, வேறு யார் தலையிலாவது விடியட்டும் என்று கையைத் தூக்கியிருந்தார்கள். பரங்கிரி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உலகம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு இழுக்கிறது என்றால் என்ன என்றே தெரியாது, ஆறு வருசமாக அவளிடம் யார் சொல்லப்போகிறார்கள்? ஜோடி ஜோடியாக எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சண்டைக்கு இல்லை, கணக்குப் புரிந்த பிள்ளை வாத்தியாரிடம் சரிதானா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அப்ப, ஒத்தையா இருக்குற என்னால அது முடியாதுல்லண்ணே?"

"முடியாது தாயி" என்றார் சடையாண்டி.

"அது இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் தெரு புதிதாகக் குறையவில்லை, கூடவும் இல்லை. குறைந்தபடிக்கே கிடந்தது. விடிகிற நேரத்தில் உலகம்மாள் யாரையும் கூப்பிடாமல் தன் பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, கோயில் முனையில் ஒரு தலைப்பைக் கட்டிவிட்டு, சுருளை நடுத்தெருவில் வைத்துவிட்டு, பிள்ளையாருக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு திறந்தது. பரங்கிரி கஞ்சிக் குண்டானைத் தூக்கி வந்தான், திரவியத்தின் சம்சாரம் ஓடி, நூலைத் தாங்குகிற கவைக்கால்களை நட்டாள், திரவியமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு நூலைத் தாங்கிப் பிடித்தார். நாற்பது வீட்டுக் கையும் அந்தப் பாவில் இருந்தது, இடம் பற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றாக. அத்தனை பேரும் அறுந்த இழையைத் தேடுகிறவர்கள் போலக் குனிந்தே நின்றார்கள்.

பத்துச் சேலைப் பாவை அவள் மடிக்க விடவில்லை. முழுசாகத்தான் நீட்டினாள். தெரு முடிந்தது, பம்பு வந்தது, பாவு முடியவில்லை. தலைப்பைப் பிடித்திருந்த சடையாண்டியும் மாரிக்கனியும் பம்பைத் தாண்டி, இதுவரைக்கும் யாரும் இறங்காத அந்தப் பக்கத்துச் சாக்கடையில் இறங்கி, கெண்டைக்கால் சேற்றில் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். தங்களுடையது எத்தனை சாண், மற்ற வீடுகளுடையது எத்தனை என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, காலில் பட்டதெல்லாம் தன்னுடையதாகத்தான் இருந்தது.

தூரத்துக் கோயில் முனையிலிருந்து உலகம்மாள் குரல் வந்தது, கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, பாவு போடுகிற காலையில் யாரும் யாரிடமும் சொல்கிற சொல்தான்.

"அண்ணே, தொய்யுது. இன்னுங்கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."

சடையாண்டிக்குக் கை வரவில்லை. மாரிக்கனி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "இழுங்க, அந்தப் புள்ளை காத்துக்கிட்டு நிக்குதுல்ல" என்றாள். அவர் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்.